வைத்தியர் பதில்கள்: ஈசிஜித் தாளில் எழுதப்பட்ட ‘அடைப்பு’

சென்ற இதழில், இதயத்தின் மின்துடிப்பைத் தாளில் பதியும் ஈசிஜி பரிசோதனை பற்றிச் சில வரிகள் எழுதியிருந்தேன். அதன் பின்னர் வந்த கடிதங்களுள் பெரும்பாலானவை ‘அடைப்பு’ என்ற ஒரே சொல்லைப் பற்றியே கேட்டிருந்தபடியால், இம்முறை இப்பகுதி முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கியிருக்கிறேன். சிலர் தாளின் பிரதியையும் இணைத்திருந்தார்கள். பிரதியை மேசையில் வைத்து நான் எழுதும் பதில், நோயாளியின் நாடியைப் பிடித்துப் பார்த்த வைத்தியரின் முடிவுக்கு ஈடாகாது என்பதை மனத்தில் வைத்துக்கொண்டு படியுங்கள்.

கேள்வி: எனது அம்மாவுக்கு 68 வயது. குருதி அமுக்கத்துக்காகப் பல வருடங்களாக அற்றெனலோல் குளிசை எடுத்து வருகிறார். கண் சத்திரசிகிச்சைக்கு முன்னர் எடுத்த ஈசிஜியில் ‘முதலாம் நிலை ஏவி புளொக்’ என்றும் ‘வலது கிளை புளொக்’ என்றும் இருந்தது. அயலவர்கள் “இதயத்தில் இரண்டு அடைப்பு, உடனே அஞ்சியோகிராம் செய்யுங்கோ” என்று சொல்லியதிலிருந்து அம்மா பயந்து கட்டிலை விட்டு எழும்புவதில்லை. என்ன செய்வது?
— வாசகி, கோப்பாய்

பதில்: உங்கள் அம்மாவின் தாளில் இருப்பது குருதிக் குழாய் அடைப்பு அல்ல என்பதை முதலில் அவரிடம் சொல்லுங்கள். நம்மிடையே ‘அடைப்பு’ என்ற ஒரே சொல் இரண்டு வெவ்வேறு நோய்களுக்கு வழங்கி வருவதால் வந்த வினை இது. இந்தச் சொல்லால் நித்திரை கெட்டவர்களைக் கிளினிக்கில் ஒவ்வொரு வாரமும் காண்கிறேன். கோப்பாயில் தோட்டம் செய்கிறவர்களுக்கு இதை விளக்குவது எளிது. இறைப்பு நடக்கும்போது பாத்திக்குத் தண்ணீர் வந்து சேரவில்லையென்றால், வாய்க்காலில் மண் சரிந்திருக்கலாம். அல்லது மோட்டருக்கு மின்சாரம் சரியாக வராமலிருக்கலாம். மாரடைப்பு என்பது வாய்க்காலில் வந்த தடை. குருதிக் குழாய்களைப் படமெடுக்கும் அஞ்சியோகிராம் பார்ப்பதும் வாய்க்காலைத்தான். உங்கள் அம்மாவின் தாள் பேசுவது மின்சாரத்தைப் பற்றி. ஆகவே நான் இதனை ‘மின்கடத்தல் தடை’ என்றே எழுதுவேன். வைத்தியசாலைகளிலும் அப்படிச் சொல்லப் பழகினால் வீண் பயம் பாதி குறையும்.

இதயத்தின் வலது மேலறையாகிய வலது சோணையறையின் மேற்பகுதியில் மின்துடிப்பு பிறக்கிறது. அது இரண்டு சோணையறைகளிலும் பரவும்போது தாளில் பி அலை என்ற சிறு மேடு எழுகிறது. சோணையறைகளுக்கும் கீழறைகளாகிய இதயவறைகளுக்கும் நடுவே ஏவி கணு என்னும் சிறு இழையம் உள்ளது. 1906இல் ஜேர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஜப்பானிய வைத்தியர் சுனாவோ தவாரா இதனைத் தெளிவாக விவரித்தார். இக்கணு வந்த மின்துடிப்பைச் சற்றுத் தாமதித்தே கீழே அனுப்பும். சோணையறைகள் தம்மிடமுள்ள குருதியை இதயவறைகளுக்குள் தள்ளி முடிக்கும் வரையிலான அத்தாமதம் அவசியமானது. பின்னர் மின்துடிப்பு ஹிஸ் கற்றை என்னும் மின்கம்பி போன்ற இழை வழியாக இறங்கி, வலது கிளை, இடது கிளை எனப் பிரிந்து இதயவறைகளை இயக்குகிறது. அப்போது எழும் உயர்ந்த கூர் முனையே கியூஆர்எஸ். பி அலை தொடங்கும் இடத்திலிருந்து கியூஆர்எஸ் தொடங்கும் இடம் வரையான தூரம் பிஆர் இடைவெளி எனப்படும்.

ஈசிஜித் தாள் வழமையாகச் செக்கனுக்கு 25 மில்லிமீற்றர் வேகத்தில் ஓடுகிறது. எனவே ஒரு சிறு கட்டம் 40 மில்லிசெக்கன். ஐந்து சிறு கட்டங்கள் சேர்ந்த பெரிய கட்டம் 200 மில்லிசெக்கன். பிஆர் இடைவெளி 3 முதல் 5 சிறு கட்டங்களுக்குள் இருப்பது வழமை. நீங்கள் அனுப்பிய பிரதியில் அது 6 கட்டங்கள், அதாவது 240 மில்லிசெக்கன். ஒரு பி அலைகூடத் தவறவில்லை. எல்லாத் துடிப்பும் கீழே வந்து சேருகிறது, சற்றுப் பிந்தி வருகிறது, அவ்வளவுதான். இதனை ‘முதலாம் நிலைத் தடை’ என்று எழுதுவது மரபு. உண்மையில் இது தாமதமே. அற்றெனலோல் ஏவி கணுவை மந்தப்படுத்தும் மருந்து என்பதால் இத்தாமதத்துக்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். அதற்காக நீங்களாகக் குளிசையைத் திடீரென நிறுத்திவிடாதீர்கள். நிறுத்தினால் நெஞ்சு வலியும் குருதி அமுக்க உயர்வும் வரக்கூடும். கண் கிளினிக்கில் கண்ணமுக்க நோய்க்கென்று ரிமோலோல் சொட்டு மருந்து தந்திருக்கிறார்களா என்றும் கேட்டறியுங்கள். கண்ணில் விடும் சொட்டும் குருதியில் கலந்து இதயத் துடிப்பைக் குறைக்கும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை.

வலது கிளைத் தடையில் மின்துடிப்பு வலது இதயவறைக்குச் சுற்றுவழியாகப் பிந்திச் சென்றடைகிறது. கியூஆர்எஸ் 3 சிறு கட்டங்களுக்குக் குறையாமல் அகன்று, நெஞ்சில் வைக்கும் வி1 என்ற முனையின் பதிவில் இரட்டைக் கூராகத் தோன்றும். வேறு இதய நோய் எதுவும் இல்லாத பலரிடமும், வயது செல்லச் செல்ல இது காணப்படும். இடது கிளைத் தடை அவ்வாறு கடந்துபோகத் தக்கதன்று: அதற்குப் பின்னால் இதயத் தசை நோயோ குருதிக் குழாய் நோயோ இருக்கிறதா என்று எக்கோ (ஒலியலையால் எடுக்கும் இதயப் படம்) செய்து பார்ப்பது முறை. உங்கள் அம்மாவிடம் கேட்கவேண்டிய கேள்வி ஒன்றுதான்: எப்போதாவது நின்ற நிலையில் கண் இருண்டு விழுந்திருக்கிறாரா? ‘ஆம்’ என்றால் இந்த இரண்டு கண்டுபிடிப்புகளும் சேர்ந்து வேறு கனம் பெற்றுவிடும். இதய நோய் நிபுணரிடம் தாமதமின்றிக் காட்டுங்கள். ‘இல்லை’ என்றால் வைத்தியரிடம் மருந்துகளை மீளாய்வு செய்வித்து, ஆண்டுக்கொரு முறை ஈசிஜி எடுத்தால் போதும். அவரைக் கட்டிலிலிருந்து எழுப்பி நடக்க விடுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற கணித ஆசிரியர், வயது 71. இருபத்து நான்கு மணி நேரப் பதிவு செய்தார்கள். அதில் அதிகாலை 3 மணியளவில் சில துடிப்புகள் விடுபட்டிருந்தன. தாளை அடிமட்டம் வைத்து அளந்தேன். பி அலைகள் 25 சிறு கட்டங்களுக்கு ஒருமுறை ஒழுங்காக வருகின்றன. பிஆர் இடைவெளி 5, 8, 9 கட்டங்கள் என நீள்கிறது. நான்காவது பி அலைக்குப் பின்னர் கியூஆர்எஸ் இல்லை. பின்னர் மீண்டும் 5. ஆனால் கியூஆர்எஸ்களுக்கிடையேயான தூரம் 28 இலிருந்து 26 ஆகக் குறைகிறதே! பிஆர் நீளும்போது அது எப்படிக் குறுகும்? வேறோரிடத்தில் பிஆர் நீளாமலேயே ஒரு துடிப்பு விடுபட்டிருக்கிறது. அது மொபிட்ஸ் இரண்டாம் வகைதானா? அது ஆபத்தானது என்று வாசித்தேன்.
— வாசகர், பருத்தித்துறை

பதில்: ஐயா, இவ்வளவு கவனமாக அளந்து எழுதப்பட்ட கடிதம் எனக்கு வந்ததில்லை. உங்கள் முதற் கேள்விக்கான விடை உங்கள் எண்களிலேயே இருக்கிறது. இரண்டு கியூஆர்எஸ்களுக்கிடையேயான தூரம் பி அலைகளின் 25 கட்டங்களுடன் பிஆர் இடைவெளியில் ஏற்பட்ட *கூடுதலை* மட்டுமே சேர்த்துக்கொள்கிறது. முதற் கூடுதல் 3, எனவே 28. அடுத்த கூடுதல் 1, எனவே 26. பிஆர் நீண்டுகொண்டே போனாலும் நீளும் அளவு சிறுத்துக்கொண்டு வருகிறது. விடுபட்ட இடத்தையும் அளந்து பாருங்கள்: 46 கட்டங்கள் வரவேண்டும், பி அலைத் தூரத்தின் இருமடங்கான 50ஐ விட அது குறைவாகவே இருக்கும். துடிப்புகள் இப்படிக் குழுக்குழுவாக வந்து விடுபடுவதை நெதர்லாந்து வைத்தியர் கரல் வெங்கபாக் 1899இலேயே விவரித்தார். அப்போது ஈசிஜிக் கருவி புழக்கத்துக்கு வரவில்லை. நாடி துடிக்கும் விதத்தைப் பதிவு செய்து, நீங்கள் செய்ததைப் போலவே இடைவெளிகளை அளந்து அவர் அந்த முடிவுக்கு வந்தார். பின்னர் 1924இல் வோல்டெமர் மொபிட்ஸ், சில துடிப்புகள் மட்டும் விடுபடும் இரண்டாம் நிலைத் தடையை இரண்டு வகைகளாகப் பிரித்தார். வெங்கபாக் கண்டது முதலாம் வகை.

முதலாம் வகையில் தடை பெரும்பாலும் ஏவி கணுவுக்குள்ளேயே இருக்கும். நித்திரையில், இதயத் துடிப்பைக் குறைக்கும் வேகசு நரம்பின் ஆதிக்கம் மிகும்போது ஆரோக்கியமானவர்களிடமும் இது வரும். அதிகாலை 3 மணிக்கு, நீங்கள் உறங்கிக்கொண்டிருந்தபோது, எந்த உபாதையும் இன்றி வந்த இத்தடைக்குச் சிகிச்சை தேவைப்படாது என்பதே என் கருத்து. குறட்டையும் மூச்சுத் தடையும் உண்டா என்று வீட்டிலுள்ளவர்களைக் கேளுங்கள். உறக்கத்தில் மூச்சு நிற்கும் நோயும் இப்படி இரவில் துடிப்பை விடுபடச் செய்யும்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். மொபிட்ஸ் இரண்டாம் வகையில் தடை ஏவி கணுவுக்குக் கீழே, ஹிஸ் கற்றையிலோ கிளைகளிலோ இருக்கும். பிஆர் மாறாமல் இருக்க, எவ்வித முன்னறிவிப்புமின்றி ஒரு துடிப்பு விடுபடும். அது முழுத் தடையாக மாறக்கூடியது என்பதால் உபாதை இல்லாவிட்டாலும், இதயத்தைத் துடிக்கத் தூண்டும் கருவியாகிய பேஸ்மேக்கர் பொருத்துவதே வழமை. ஆயினும் அப்பெயரை இடுவதற்கு முன் விடுபட்ட இடத்துக்கு முந்திய டி அலையை (கியூஆர்எஸ்ஸுக்குப் பின் எழும் மேட்டை) உற்றுப் பாருங்கள். நான் உள்ளகப் பயிற்சியில் இருந்த காலத்தில், இதே போன்ற ஒரு தாளைப் பார்த்து ‘இரண்டாம் வகைத் தடை’ என்று குறிப்பேட்டில் எழுதி, நோயாளியின் மனைவியிடம் பேஸ்மேக்கர் பற்றியும் பேசிவிட்டேன். அன்று மாலை வந்த என் மேலதிகாரி ஒன்றும் சொல்லாமல் பென்சில் முனையால் டி அலை ஒன்றைத் தொட்டுக் காட்டினார். மற்ற டி அலைகள் வழுவழுப்பாக இருக்க, அது மட்டும் கூர்த்து, தோளில் ஒரு சிறு முண்டுடன் இருந்தது. சோணையறையில் முன்கூட்டியே பிறந்த ஒரு பி அலை அதற்குள் ஒளிந்திருந்தது. ஏவி கணு அந்நேரம் இன்னும் ஓய்விலிருந்து மீளாததால் அத்துடிப்பு கீழே இறங்கவில்லை. அங்கே நோயுற்ற கம்பி எதுவும் இல்லை. அந்த அம்மாவிடம் நான் திரும்பிப் போய்ச் சொல்லிய வார்த்தைகளை இன்றும் மறக்கவில்லை. எதிர்பாராத இடைவெளிகளுக்கு மிகப் பொதுவான காரணம் இதுவேயாகும். ஆகவே, விடுபட்ட பி அலை உங்கள் 25 கட்டக் கணக்குக்கு *முன்னதாக* வந்ததா, *சரியான நேரத்தில்* வந்ததா என்று அளந்து பாருங்கள். முன்னதாக வந்திருந்தால் அது தடையே அல்ல. சரியான நேரத்தில் வந்திருந்தால் அப்பக்கத்தை மடித்து வைத்து, அடுத்த கிளினிக் வரை காத்திராமல் உங்கள் நிபுணரிடம் காட்டுங்கள்.

இன்னுமொன்று: இரண்டு பி அலைகளுக்கு ஒரு கியூஆர்எஸ் என்ற வீதத்தில் தொடர்ந்து விடுபட்டால், பிஆர் நீள்கிறதா என்று பார்க்க இரண்டு அடுத்தடுத்த துடிப்புகளே கிடையாது, அத்தாளை மட்டும் வைத்து எந்த வகை என்று எவராலும் சொல்லிவிட முடியாது. கியூஆர்எஸ் ஒடுங்கியதா அகன்றதா, நடந்தால் தடை குறைகிறதா கூடுகிறதா என்பவற்றைக் கொண்டுதான் முடிவு செய்வோம். நடக்கும்போது தடை கூடினால் அது கணுவுக்குக் கீழே இருப்பதற்கான அறிகுறி.

கேள்வி: அப்பாவுக்கு 76 வயது, நேற்றுவரை கடலுக்குப் போனவர். ஒரு மாதத்துக்குள் இரண்டு முறை திடீரென்று விழுந்தார். இரண்டாம் முறை கை கால் இழுத்தது. ‘வலிப்பு’ என்றுதான் நினைத்தோம். இங்குள்ள வைத்தியசாலையில் நாடி 33 என்று பார்த்து ஈசிஜி எடுத்ததும், படகில் குறிகாட்டுவானுக்கு அனுப்பி, அங்கிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கொண்டு சென்றார்கள். பேஸ்மேக்கர் வைத்தாயிற்று. இப்போது சுகமாக இருக்கிறார். குளிசையால் குணப்படுத்தியிருக்க முடியாதா? இனிக் கடலுக்குப் போகலாமா?
— வாசகர், நெடுந்தீவு

பதில்: தம்பி, உங்கள் ஊர் வைத்தியசாலையில் நாடியைப் பிடித்துப் பார்த்து, ஈசிஜி எடுத்து, படகு பிடித்து அனுப்பியவர்கள் உங்கள் அப்பாவின் உயிரைக் காப்பாற்றியிருக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பிய தாளில் பி அலைகள் 4 பெரிய கட்டங்களுக்கு ஒருமுறை வருகின்றன. ஒரு நிமிடத்தில் ஓடும் 300 பெரிய கட்டங்களை 4ஆல் வகுத்தால் நிமிடத்துக்கு 75. கியூஆர்எஸ்களோ 9 பெரிய கட்டங்களுக்கு ஒருமுறை, அதாவது ஏறக்குறைய 33. ஒரு வெள்ளைத் தாளின் ஓரத்தில் மூன்று பி அலைகளுக்கு நேரே பேனையால் கோடிட்டு, அத்தாளைப் பதிவு நெடுகிலும் நகர்த்திப் பார்த்தேன். ஒவ்வொரு கோடும் ஒரு பி அலையிலோ, கியூஆர்எஸ்ஸுக்குள் மறைந்த ஒன்றிலோ, டி அலையின் முதுகில் ஏறிய ஒன்றிலோ விழுந்தது. மேலறைகள் தம் ஒழுங்கிலும் கீழறைகள் தம் ஒழுங்கிலும் பிசகாமல் துடிக்கின்றன, ஒன்றுக்கொன்று தொடர்பில்லை. பி அலைக்கும் அடுத்த கியூஆர்எஸ்ஸுக்கும் இடையே உள்ள தூரம் ஒவ்வொரு முறையும் வேறுபடுகிறது. இதுவே மூன்றாம் நிலை, அதாவது முழுமையான மின்கடத்தல் தடை. மேலிருந்து ஒரு துடிப்பும் வராதபோது, இதயவறை தன்னிடமுள்ள ஓர் இடத்திலிருந்து நிமிடத்துக்கு 20 முதல் 40 வரை துடித்து உயிரைப் பிடித்து வைத்திருக்கும். அந்த மாற்றுத் துடிப்பை நம்ப முடியாது. சில செக்கன்கள் அது நின்றாலும் மூளைக்குக் குருதி போகாது. ஆள் வெளிறி விழுவார். கை கால் இழுக்கும். வலிப்பு நோய் என்று தவறாக எண்ணி மாதக்கணக்கில் வலிப்பு மருந்து எடுத்தவர்களையும் கண்டிருக்கிறேன். மெதுவான நாடியுடன் வரும் இம்மயக்கத்தை டப்ளின் நகர வைத்தியர்கள் ரொபர்ட் அடம்ஸ் 1827இலும் வில்லியம் ஸ்ரோக்ஸ் 1846இலும் எழுதி வைத்தார்கள். வயதானவர் திடீரென்று விழுந்தால், எவராயினும் முதலில் மணிக்கட்டில் விரல் வைத்து நாடியை எண்ணுங்கள். குடாநாட்டுக்குள் என்றால் 1990 என்ற அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள்.

குளிசையால் இதனை நிரந்தரமாகத் தீர்க்க முடியாது. துடிப்பைக் குறைக்கும் மருந்து, பொற்றாசியம் ஏறுதல், தைரொயிட் சுரப்புக் குறைதல், புதிய மாரடைப்பு போன்ற நீக்கக்கூடிய காரணம் உண்டா என்று பார்ப்பார்கள்; அவை இல்லையென்றால், வயதுடன் இதயத்தின் மின்கம்பியில் நார் படர்ந்ததே பெரும்பாலும் காரணம். உடலுக்குள் முழுமையாகப் பொருத்திய முதலாவது பேஸ்மேக்கர் 1958 ஒக்டோபர் 8ஆம் திகதி சுவீடனில் ஆர்னே லார்சன் என்பவருக்கு வைக்கப்பட்டது. அவருடைய மனைவி விடாமல் வற்புறுத்தியதால்தான் அந்தச் சத்திரசிகிச்சையே நடந்தது. முதற் கருவி சில மணி நேரமே இயங்கியது. பல கருவிகள் மாற்றி, அவர் 86 வயது வரை, 2001 வரை வாழ்ந்தார்.

கடலுக்குப் போவதைப் பொறுத்தவரை, முதல் ஆறு வாரங்கள் கருவி வைத்த பக்கத்துக் கையால் வலை இழுப்பதும் பாரம் தூக்குவதும் வேண்டாம். கருவியின் கம்பி இடம் விலகிவிடும். ஆனால் தோள் இறுகாதபடி கையை மெல்ல அசைத்து வரட்டும். அதன் பின் கிளினிக்கில் கருவியைப் பரிசோதித்து அனுமதி தந்தால் போகலாம். தனியே போகாமல் துணையுடன் போவது நல்லது. ஓடும் வெளியிணைப்பு இயந்திரத்தின் மேல் நெஞ்சைச் சாய்க்காமல் ஒரு கை நீளம் விலகியிருக்கவேண்டும். கைத்தொலைபேசியை மறுபக்கக் காதில் வைத்துப் பேசலாம். நெஞ்சுப் பையில் வைக்கலாகாது. கருவி அட்டையை நனையாத உறையில் எப்போதும் உடன் வைத்திருக்கட்டும். சொல்லத் தயங்குகிற ஒன்றையும் சொல்லிவிடுகிறேன்: நம் வழக்கப்படி தகனம் செய்யும் வேளை வரும்போது, அது எத்தனை ஆண்டு கழித்து வந்தாலும், முன்னதாகக் கருவியை அகற்றவேண்டும், வெப்பத்தில் அதன் மின்கலம் வெடிக்கும். வீட்டில் ஒருவராவது இதனை நினைவில் வைத்திருங்கள்.

கேள்வி: மகன் பாடசாலை உதைபந்தாட்ட அணியில் விளையாடுகிறான், வயது 18. ஈசிஜி இயந்திரமே ‘வழமைக்கு மாறானது’ என்று அச்சிட்டுத் தந்திருக்கிறது. நாடி 48, பிஆர் 220 மில்லிசெக்கன். விளையாட்டை நிறுத்தவேண்டுமா?
— வாசகர், வல்வெட்டித்துறை

பதில்: இயந்திரம் எண்களை மட்டுமே பார்க்கிறது, பையன் தினமும் ஓடுகிறான் என்பது அதற்குத் தெரியாது. பயிற்சி பெற்ற இளைஞர்களிடம் ஓய்வில் இப்படியான மந்தமும் தாமதமும் இயல்பு. ஒரு சிறு ஓட்டத்தின் பின் மீண்டும் எடுத்தால் பிஆர் பெரும்பாலும் வழமைக்குத் திரும்பிவிடும். ஆனால் *விளையாடும்போதே* மயங்கி விழுந்திருந்தாலோ, குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தாலோ, நிபுணர் பார்க்கும் வரை விளையாட விடாதீர்கள்.

கேள்வி: மூன்று வயதுப் பேரன் வேலியோரம் விழுந்து கிடந்த மஞ்சள் அலரிக் கொட்டையைக் கடித்துவிட்டான். வைத்தியசாலையில் ஈசிஜி நன்றாக இருந்தும் இரண்டு நாள் மறித்து வைத்தார்கள். ஏன்?
— வாசகி, சுன்னாகம்

பதில்: அம்மா, மறித்து வைத்தது மிகச் சரி. பூசைக்குப் பூ எடுப்பதற்காக நம் வீடுகளில் நிற்கும் மஞ்சள் அலரியின் விதையில், டிஜொக்சின் மருந்தைப் போலவே இதயத்தில் வேலை செய்யும் நஞ்சு உண்டு. அது ஏவி கணுவின் வழியை அடைத்து, நாம் மேலே பேசிய முதலாம் நிலையிலிருந்து மூன்றாம் நிலை வரை எந்தத் தடையையும் உண்டாக்கக்கூடியது; குருதியில் பொற்றாசியத்தையும் ஏற்றும். விதையிலிருந்து நஞ்சு மெதுவாக உறிஞ்சப்படுவதால், வந்தவுடன் எடுத்த ஈசிஜி நன்றாக இருந்தும் பல மணி நேரம் கழித்துத் தடை தோன்றலாம். ஆகவே தான் திரும்பத் திரும்ப எடுத்துப் பார்க்கிறார்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைப்பது கூடாது. நேரே வைத்தியசாலைக்குப் போங்கள். தவழும் குழந்தையும் தத்தித் திரியும் குழந்தையும் உள்ள வளவில் அந்த மரத்தை வெட்டிவிட்டுச் செம்பருத்தி நடுங்கள் என்பது என் வேண்டுகோள்.

கேள்வி: அம்மம்மாவின் ஈசிஜித் தாள் பழுதாகக் கூடாது என்று லமினேற் செய்யக் கொடுத்தோம். தாள் முழுவதும் கறுத்துவிட்டது. மீட்க வழியுண்டா?
— வாசகி, சாவகச்சேரி

பதில்: இல்லை. பெரும்பாலான ஈசிஜித் தாள்கள் வெப்பத்தால் கறுக்கும் பூச்சு பூசியவை. அலைகளே அவ்வாறுதான் அதில் எழுதப்படுகின்றன. லமினேற் இயந்திரத்தின் சூடு முழுத்தாளிலும் எழுதிவிட்டது. எடுத்த இடத்தில் இயந்திரத்தின் நினைவகத்திலோ கிளினிக் கோப்பிலோ ஒரு பிரதி இருக்கிறதா என்று கேட்டுப் பாருங்கள். இனி எடுத்தால் அன்றே சாதாரணத் தாளில் போட்டோக்கொப்பி எடுத்து, திகதியையும் அன்று எடுத்த மருந்துகளையும் மூலையில் எழுதி, ஒரு காகிதக் கோப்பில் போட்டு வையுங்கள். பிளாஸ்ரிக் உறைக்குள் வைத்த மூலத் தாள் நாளடைவில் மங்கிவிடும். அம்மம்மாவுக்கு இடது கிளைத் தடை என்று எழுதியிருக்கிறீர்கள். ஒருநாள் இரவு அவர் நெஞ்சு வலியுடன் அவசர பிரிவுக்கு வந்தால், அங்கு நிற்கும் வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகளுள் ஒன்று, ‘இந்தத் தடை முன்பே இருந்ததா?’ என்பதாகவே இருக்கும். அந்தப் போட்டோக்கொப்பியை அப்போது அவர் கையில் கொடுங்கள்.